தொட்டிக்குத் திரும்பும் ஐந்து கோப்பைகள்

பிப்ரவரி 19, புதன்.

என் பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டின் போன வாரக் குறிப்பில், "இயந்திரத்தில் அழுத்தி இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரெஸோவின் மேலே நிற்கும் பொன்பழுப்பு நுரைக்கு க்ரீமா என்று பெயர். அது தடித்திருந்தால் காபி நல்ல காபி" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அக்கா அதை நம்பிவிட்டாள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

1

விடியலின் பொற்கதிர்கள் கோப்பைக்குள் இறங்கி...

[வேண்டாம். அப்போது மாலை ஆறு மணி. எரிந்தது குழல்விளக்கு.]

மறுபடியும்: அக்கா இரண்டு வருடமாகக் காபிக்கடையில் கோப்பை கழுவுகிறாள். நாளை முதலாளியம்மாவுக்கு ஐந்து எஸ்பிரெஸோ போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் காபி இயந்திரம் அவள் கைக்கு வரும். இல்லையென்றால் மறுபடியும் கோப்பை கழுவும் தொட்டிதான். பழகிக்கொள்ள இன்று கடைச்சாவியைக் கொடுத்திருந்தார்கள்.

2

தங்கை (நான்தான், கதையில் என்னைத் தள்ளி நிறுத்தினால்தான் கை ஓடுகிறது) மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அன்று காலையில் வறுத்த காபிக்கொட்டையோடு வந்து சேர்ந்தாள். முதல் கோப்பையில் பாதிக்குமேல் நுரை. இருவரும் வாயைப் பிளந்தார்கள். அக்கா ஒரு வாய் குடித்தாள்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. வாயைத் திறந்தாத்தான் வண்டவாளம் தெரியுது."

(அடிக்குறிப்பு: புதிதாக வறுத்த கொட்டைக்குள் வாயு அடைந்திருக்கும். இயந்திரத்தின் அழுத்தத்தில் அது நுரையாகப் பொங்கும். சாறு சீராக இறங்காது. சில நாள் ஆறவிட வேண்டும். இது தெரியாமலே அடிக்கோடு போட்டிருக்கிறேன்.)

பழசாகிவிட்டது, கொட்டிவிடு என்று தங்கை சொல்லியிருந்த, வறுத்துப் பத்து நாளான கொட்டை டப்பாவை அக்கா திறந்தாள். இம்முறை நுரை மெல்லிய ஏடு. அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. சிறு கரண்டியால் மூன்று சுற்று கலக்கினாள். மேலே நுரையின் கசப்பு, அடியில் கெட்டிச் சாறு, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரே ருசி என்றாள். தங்கை குடித்துப் பார்த்தாள். இன்னொரு மிடறும் குடித்தாள். பால் ஊற்றியும் பார்த்தார்கள். பாலுக்குள்ளும் காபி நிமிர்ந்து நின்றது.

"கலக்கிட்டா பார்வைக்கு ஒண்ணுமே இருக்காதேக்கா. அவங்க முதல்ல பார்க்கத்தானே செய்வாங்க?"

"ரெண்டு வருஷமா நான் மிச்சத்தைத்தானே பார்க்கிறேன். பொங்கி வழியிற கோப்பை பாதியோட திரும்பி வரும். கலக்கிக் குடிச்சது காலியா வரும். தொட்டி பொய் சொல்லாதுடி."

அதன்பிறகு ஆளுக்கு மூன்று கோப்பை. காரணமில்லாமல் சிரித்துச் சிரித்து, துடைத்த மேசையையே நான்கு தடவை துடைத்தார்கள்.

3

முடிவு அ: முதலாளியம்மா முகம் சுளித்து, "நுரை எங்கே?" என்று... [எழுத மனம் வரவில்லை.]

முடிவு ஆ: ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடுகிறார். [அக்கா படித்துவிட்டு அடித்துப்போட்டாள். "அவங்க கண்ணை மூடிக் குடிச்சு நான் பார்த்ததே இல்ல. கணக்குப் பார்த்துக்கிட்டே குடிப்பாங்க."]

முடிவு இ: இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஐந்து கோப்பைகளும் எவ்வளவு மிச்சத்தோடு திரும்பி வருகின்றன என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் ஆசை என்னவென்று தெரிந்திருக்கும். அதற்காக என் பக்கம் சாய வேண்டாம்.

நாளை: அடிக்கோட்டை அழிக்க வேண்டும். பத்து நாள் டப்பாவையும் ஐந்து சிறு கரண்டிகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு, அக்கா இயந்திரத்தின் முன் நிற்கும்போது, அவளுக்குப் பதிலாகக் கோப்பை கழுவத் தொட்டியருகே நான் நிற்க வேண்டும்.