காணாமல் போனவர் கணக்கு

ஆம்புலன்ஸிலிருந்து அண்ணனை இறக்கும்போது தலைமாட்டைப் பிடித்திருந்த அய்யாவு, முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்தான். நரைத்த தலை அவன் கையில் பட்டது. கருமாதி முடிந்து ஐந்து வருடமான அண்ணன் கோவிந்தப்பாவுக்கு இப்போதுதான் சாவு வந்திருக்கிறது. அவர்கள் குடியிருந்த மர்பி டவுன் சந்து முழுக்க அதே பேச்சு.

"பொம்மனஹள்ளி ஃபேக்டரில என்கூட வாட்ச்மேனா இருந்தாரு சார். நேத்து நெஞ்சுவலி வந்தப்பதான் இந்த அட்ரஸ சொன்னாரு," என்றான் கூட வந்தவன்.

பொம்மனஹள்ளி. இதே ஊர்தான், பஸ் ஏறினால் போய்விடலாம்.

அய்யாவு இன்சூரன்ஸ் கம்பெனியில் மரண விகிதம் போடுகிறவன்; வருடத்துக்கு ஆயிரத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு. காணாமல் போனவர்களைச் சட்டப்படி ஏழு வருடம் கணக்கில் உயிரோடு வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் சாகடித்தால் விகிதம் கோணிக்கொள்ளும். அதனால் யார் யார் எந்த வருடம் போயிருப்பார்கள் என்று உத்தேசமாகப் பிரித்துப் போடுவான். முக்கால்வாசிப் பேரை முதல் வருடத்திலேயே தள்ளிவிடுவான். கெட்டிக்காரன் என்று ஆபீஸில் பெயர்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தான். தொண்ணூற்றிரண்டில் கோபித்துக்கொண்டு போன அண்ணனை இரண்டு வருடம் தேடினான். பிறகு அண்ணி ஜெயலட்சுமியிடம், "இனிமே இருக்க மாட்டாரு அண்ணி, எங்க கணக்கு தப்பாது," என்று சொல்லிவிட்டான். அப்போதே கருமாதி முடித்து அவள் பொட்டையும் அழித்தார்கள். ஆயிரம் பேருக்குப் போட்ட கணக்கு ஒருவனுக்குப் பொருந்த வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தேடி அலுத்துப்போயிருந்தான், அவ்வளவுதான்.

உள்ளே பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பொட்டழிக்க வேண்டும். ஆனால் அண்ணியின் நெற்றியில் அழிக்க ஒன்றுமில்லை.

"வச்சாத்தானே எடுக்க முடியும்? பூவும் குங்குமமும் கொண்டாங்கடி," என்றாள் காந்தா அத்தை.

தலையில் மல்லிகை வைத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் இட்டார்கள். வளையல் ஏறாத கைக்குச் சோப்புப் போட்டு ஏற்றினார்கள். அய்யாவு வாசற்படியிலேயே நின்றான். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

அத்தை அழிக்கக் கை நீட்டியதும் அண்ணி தடுத்தாள்.

"தம்பி, அவரை எடுக்கறதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரமானது.

"ஒரு மணி நேரம் இருக்கும் அண்ணி."

"அதுவரைக்கும் இருக்கட்டும் அத்தை."

அண்ணன் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, வளையல் குலுங்க ஈ ஓட்டத் தொடங்கினாள்.