இரு மாநிலத்துப் பதில்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாட்டுக்கே பொது. ஆனால் கட்டணம், மனு, இணையதளம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரே கேள்வியைக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அனுப்பி, பதில்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதுதான் கேரளத்தில், கழக்கூட்டத்து ஆய்வு நிறுவனத்தில் பத்மப்ரியாவின் வேலை. என்ன கேள்வி என்பதை அவளிடமே விட்டிருந்தார்கள்.

அவள் வன்னியராஜைப் பற்றிக் கேட்டாள். ஆபீஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பூமாரியின் கணவன். தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கே வித்துராவில் ஒரு விடுதி கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவன். போலீஸ் காகிதத்தில் 'தவறி விழுந்தார்' என்று மட்டும் இருந்தது. ஊரில் கொழுந்தன், குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லித் திரிந்தான். அரசு விசாரித்ததா, என்ன கண்டது என்று தெரிந்தால் பூமாரிக்குப் போதும்.

இரண்டு பதில்களும் கெடுவுக்குள் வந்தன. அந்த வேலைத்தலம் பதிவு பெறாதது, எனவே விசாரணைக் கோப்பு இல்லை என்றது இங்கத்தியது. இறப்பு வெளிமாநிலத்தில் நடந்ததால் பதிவு இல்லை என்றது அங்கத்தியது. மேல்முறையீட்டு அலுவலரின் முகவரி இரண்டிலும் பிழையில்லாமல் இருந்தது.

மேலாளர் நவநீத் வாசித்துப் பார்த்தான். "சமயத்துக்கு பதில் வந்தாச்சல்லோ. ரெண்டுக்கும் ஃபுல் மார்க் போடு, ப்ரியா. மதி, அது போதும்."

"பதில்ல ஒண்ணுமே இல்லையே, நவநீத்."

"அதுக்கு மார்க் போட நம்ம டேபிள்ல கட்டமே இல்லையே."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. போட்டாள்.

மத்தியானம் கேன்டீன் பின்கட்டில் பூமாரியிடம் சொன்னாள். பூமாரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு பேருமே இல்லைன்னுட்டாவளாம்மா?"

"மேல்முறையீடு பண்ணலாம், பூமாரி. வித்துராவுக்கு ஒரு தடவை நாம ரெண்டு பேரும் போயி, கூட வேலை பாத்தவங்ககிட்ட கேட்டு எழுதினா..."

"வேண்டாம்மா. அவுக விழுந்த கதைய இன்னொரு ஆளுகிட்ட முதல்லருந்து சொல்ல எனக்கு முடியல. அவுக குடிக்க மாட்டாவ. எனக்குத் தெரியும்." அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "கொழுந்தன் பேசிட்டுப் போறான்," என்றாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

பத்மப்ரியா மேலே வந்து, இரண்டு மாநிலத்துக்கும் மேல்முறையீட்டை எழுதி அனுப்பினாள். நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. அனுப்பாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். பூமாரியிடம் அதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் செருகியது. வீட்டுக்குக் கரமனையில் இறங்க வேண்டியவளைக் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது நேமம் தாண்டியிருந்தது. இறங்கி, சாலையைக் கடந்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றாள்.