தெளிவா, கலங்கலா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அணைக்காரிக்குத் தம்பி பேசுகிறான் என்று. பேசினானாம் பெரிய பேச்சு! இரண்டே கேள்விதான். "எத்தனை செகண்ட்?" என்பது ஒன்று. "தெளிவா, கலங்கலா?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி பதினொரு வருஷமாக அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இரண்டுமே அணையைப் பற்றிய கேள்விகள். சொந்த நிலத்தில், இரண்டு மேட்டுக்கு நடுவே, அப்பா மண்ணைக் கொட்டிக் கெட்டித்து எழுப்பிய கரை அது. அந்தத் தண்ணீரில்தான் அக்காவின் நாற்றுப் பண்ணை நடந்தது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவெல்லாம் அடிவாரத்தில் ஒரே குழாய் வழியாக வெளியே வரும்படி செய்து வைத்தவன் தம்பி. குழாய்க்குக் கீழே வாளியை வைத்து, அது நிறைவதற்கு எத்தனை செகண்ட் ஆகிறது என்று எண்ண வேண்டும். நாற்பதுக்கு மேல் ஆனால் நல்லது. தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கலங்கலாக வந்தால், கரையை உள்ளுக்குள்ளேயே தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கலங்கலா வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே," என்று பதினொரு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த மாதத்தில், ஊருக்குக் கிளம்பும்போது சொன்னான் தம்பி. "கீழ் வீட்டுக்காரங்களை வெளியேத்து. மதகைத் திற. எனக்குச் சொல்லு, போட்டது போட்டபடி வந்துடறேன்." பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா," என்றான்.

போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற 'வரேன்'தான் அது. போனவன் போனவன்தான். தூரத்து நகரத்தில் அணைகளைப் பரிசோதிக்கிற உத்தியோகம். ஊரான் அணையையெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பான், சொந்த அணையை மட்டும் போனில் பார்ப்பான்.

சண்டையா என்றால், ஒரு சண்டையும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மனசு கேட்க வேண்டுமே! அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இளைத்திருக்கிறானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, அதைப் பார்த்தால் போதும். அதற்குத்தான் பதினொரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

'வாடா' என்று ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் வராது. அவன் பேசத் தெரியாதவன், இவள் கேட்கத் தெரியாதவள். நல்ல பொருத்தம் போங்கள்!

கலங்கல் என்று ஒரு பொய்யைச் சொன்னால் அடுத்த வண்டியிலேயே வந்து நிற்பான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் அணைக்கு நேர் கீழே வெல்டர் குடும்பம் இருந்தது, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. இன்று விளையாட்டுக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கு நிஜமாகச் சொல்லும்போது யார் நம்புவார்கள்? அதனால் எச்சிலோடு சேர்த்துப் பொய்யையும் விழுங்கிவிட்டு, "நாற்பத்திரண்டு, தெளிவு," என்பாள். அவன் "சரி," என்று வைத்துவிடுவான்.

நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை காலையில் வாளி பத்தொன்பது செகண்டில் நிறைந்தது. தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது.

மறைப்பானேன், அவள் மனசில் முதலில் வந்தது பயமில்லை. 'தம்பி வந்துடுவான்' என்கிற சந்தோஷம்தான். அடுத்த நொடியே, அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டு, வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"வெல்டரே! பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போங்க! அணை அரிக்குது!"

மனைவியையும் பிள்ளைகளையும் மேட்டில் ஏற்றிவிட்டு வெல்டர் பெரிய ஸ்பேனரோடு திரும்பி வந்தார். துருப்பிடித்த மதகை இரண்டு பேருமாகச் சேர்ந்து திறந்தார்கள். தண்ணீர் ஓடையில் சீறிக்கொண்டு இறங்கியது. அதற்கப்புறம்தான் அவளுக்குப் போனே ஞாபகம் வந்தது.

"கலங்கல்," என்றாள்.

"கிளம்பிட்டேன்," என்றான்.

சாயங்காலம் வந்து இறங்கினான். பாதித் தலை நரைத்து, கண்ணாடி போட்டு, அப்பாவை உரித்து வைத்தது போல இருந்தான். அவள் ஆசை தீரப் பார்ப்பதற்குள் விறுவிறுவென்று கரைக்குப் போய்விட்டான். இரண்டு நாளில் தண்ணீர் முழுக்க வடிந்ததும், உள்பக்கச் சரிவில் ஒரு பொந்து தெரிந்தது. கையை விட்டால் தோள் வரைக்கும் போனது.

"கரையை வெட்டிடலாம்க்கா."

"அடைக்க முடியாதாடா?"

"இதை அடைச்சா வேற இடத்துல வரும். நீ ஒருத்தியா எத்தனை நாளைக்கு வாளியைத் தூக்கிட்டு அலைவே? கீழே பிள்ளைங்க இருக்கு. உன் நாத்துக்குக் கிணறு போதும்."

சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அணை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ என்னடா கேட்பாய்? அதைத்தான் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் மண் அள்ளும் இயந்திரம் வந்து கரையை நடுவில் அடிவரைக்கும் அகலமாக வெட்டிவிட்டது. மாலை வண்டிக்கு அவன், "வரேன்க்கா," என்று கிளம்பினான். இந்தத் தடவை அவள் வாசல்வரைகூடப் போகவில்லை, உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. இனிமேல் எதற்கு அடிக்கும்? ஆனாலும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் நாற்றுகளுக்குக் களை எடுத்தாள். எட்டேகாலுக்கு அடித்தது.

மண் கையைத் துடைக்காமலேயே எடுத்தாள்.

"எத்தனை செகண்ட்?" என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கரையும் இல்லை, குழாயும் இல்லை. வாளியில் களைதான் கிடந்தது.

"எண்ணலடா."

"தெளிவா," என்றான். "கலங்கலா?"

அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"கலங்கல்தான்டா."

"போட்டது போட்டபடி வரேன்க்கா," என்றான்.