சுரண்டிய பெயிண்ட்

நான்காவது தெரு முனையில் பாட்டு மறுபடியும் செத்தது. டிக்கியில் இருந்த இரண்டு பெரிய ஊஃபர் ஸ்பீக்கர்களும் ஒருமுறை விக்கி அடங்கின. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன வோல்ட்மீட்டர் பதினொன்றுக்குக் கீழே போய் நின்றது.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு கார்களுக்கு சீட் கவர் தைக்கும் தொழில்; அதனால் அவனை எல்லோரும் சீட்காரன் என்பார்கள். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"மாப்ளே, இது மூணாவது தடவை. அப்பா கிளம்பி ரெண்டு மணி நேரமாச்சு. இன்சுலின் போட்டுவிட்டதும் ஒரு வாய் கூடச் சாப்பிடாமப் போயிருக்காரு. எங்க மயங்கிக் கிடக்காரோ..."

பக்கத்தில் இருந்தவர் தங்கையின் கணவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன். இந்தப் பாட்டு செட்டுக்கு மின்சாரம் போதவில்லை என்று போன வாரம்தான் பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரியதை மாட்டிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருடம் ஆகிறது. காதும் போய்விட்டது. பெயர் சொல்லிக் கத்தினால் திரும்ப மாட்டார். ஆனால் இந்தக் காரின் தொம்தொம் மட்டும் அவர் நெஞ்சுக்கூட்டில் போய் இடிக்கும். எந்த அறையில் இருந்தாலும் வாசலுக்கு வந்துவிடுவார். போலீசில் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்கள் பைக்கில் அலைகிறார்கள். சீட்காரனுக்கு இந்தச் சத்தத்தோடு தெருத்தெருவாகச் சுற்றுவது ஒன்றுதான் மிச்சம்.

மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கினார். "ஆல்டர்னேட்டர் மேல குத்தமே இல்ல, மச்சான். கரண்ட் போறதுக்குத் தடி ஒயர் போட்டாச்சு, திரும்பி வர்றதுக்கு? எர்த் ஒயர வெறும் தகரத்துல முடுக்கணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீங்க கேட்டீங்களா? பெயிண்ட்ல கீறல் விழும்னு பொண்ணு கன்னத்தப் பொத்துற மாதிரி கையால பொத்திக்கிட்டீங்க. பெயிண்ட் மேலயே முடுக்கியிருக்கேன். பெயிண்ட் கரண்ட விடாது, அப்புறம் எப்படி நிக்கும்?"

சீட்காரன் கீழே இறங்கினான். அந்தக் கறுப்புப் பெயிண்ட்டை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவனே நின்று அடித்தவன். பையிலிருந்து ரெக்ஸின் அறுக்கும் கத்தியை எடுத்து, எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, சுற்றிலும் வறட்டு வறட்டென்று சுரண்டினான். கத்தி வழுக்கி பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்தது. அவன் பார்க்கக்கூட இல்லை.

"போதும் மச்சான், ஓட்டையே போட்டுருவீங்க போல."

"இன்னும் பளபளன்னு தெரியல."

"தெரியுது. கைய எடுங்க, நான் முடுக்குறேன்."

வண்டியைக் கிளப்பினார்கள். வோல்ட்மீட்டரில் பதினான்கு. ஊஃபர் இடித்தது, முள் பதின்மூன்றரைக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"கியர ஒண்ணுலயே வச்சு ரேஸ் குடுத்துக்கிட்டே போங்க. இன்ஜின் மெதுவா சுத்துனா மறுபடி படுத்துக்கும்."

ஐந்தாவது தெரு, ஆறாவது தெரு. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்பா வரவில்லை, தெருவே வந்தது. ஒருவர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்து, "டேய், உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா?" என்று கத்தினார். சீட்காரன் ஒவ்வொரு வாசலிலும் சத்தத்தைக் குறைத்து, செல்போனில் இருந்த அப்பாவின் படத்தை நீட்டினான். திட்ட வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். வண்டியை ஏழாவது தெருவுக்குள் திருப்பினான்.

ஜெராக்ஸ் கடைப் பெண் இடுப்பில் கைவைத்து வந்தாள். "உன் பாட்டுல என் மெஷினே குதிக்குது, யோவ்!" படத்தைப் பார்த்தாள். குரல் மாறியது. "ஐயோ, இவரா? உள்ள வாங்க. வேர்த்துக் கொட்டி படியில உக்காந்திருந்தாரு. இப்பதான் சக்கரைத் தண்ணி கலக்கிட்டிருந்தேன், இந்தச் சத்தம்..."

அவன் இன்ஜினை நிறுத்தாமலே குதித்து ஓடினான்.

பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் அப்பா சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவன் அந்தப் பெண் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி, பின்னந்தலையைத் தாங்கி, மடக்கு மடக்காகப் புகட்டினான். பாதி தாடையில் வழிந்தது, பாதி உள்ளே போனது.

"மெதுவா மச்சான், புரையேறிடும்," என்றார் பின்னாலேயே வந்த மாப்பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த கையால் அவன் கன்னத்தைத் தடவினார்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றார் அந்தப் பெண்ணிடம். "நல்லா இருக்கணும்."

அவன் தம்ளரை மறுபடி அவர் உதட்டில் வைத்தான். "குடிங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு."