ஒற்றைக் கால் ஷூவோடு ரோத்தங்

ஹெப்சிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாய்தான் அவளை ஆம்பூரிலிருந்து இமயமலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது, வேறொன்றுமில்லை.

அவள் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். புது மாடலை முதன்முதலாகத் தைத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் காட்ட அனுப்பும் இடம் அது. தொண்ணூற்றெட்டில் ஒரு ஜெர்மன் பையர், பெண்கள் மலை ஏறும் ஷூ ஒன்றைப் பார்த்துவிட்டு, கேட்டலாக்குக்குப் படம் வேண்டும் என்றான். ஓனர் குர்ஷித் சாப்பின் மருமகன், மெட்ராஸ் ஸ்டுடியோவில் வெள்ளைத் துணி விரித்து எடுத்துவிடலாம் என்றான். ஹெப்சியை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் காத்திருக்கிற ஜாதியா அவள்?

"வெள்ளைத் துணி மேல வெச்சா பொணம் மாதிரி கெடக்கும் சாப். நடக்கற ஷூ இது, நடக்கறதைக் காட்டணும். இங்கேர்ந்து பனிமலை வரைக்கும் வண்டியில போயி, வழியெல்லாம் எடுத்துக்கினு வரணும்."

"யாரும்மா எடுக்கறது?"

"எங்க வீட்டுக்காரர்."

மருமகன் சிரித்தான். சாப் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார். "சரி ஹெப்சிமா. கம்பெனி சுமோ எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. படம் சரியில்லைன்னு அங்கேர்ந்து சேதி வந்துச்சுன்னா, சாம்பிள் ரூமை இவன் பார்த்துப்பான். நீ பழையபடி செக்கிங் டேபிளுக்குப் போய்டணும்."

செக்கிங் டேபிள்! அந்த டேபிளில் நின்று நின்று முட்டி தேய்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள் அவள். இருந்தாலும் "சரி சாப்" என்றுதான் சொன்னாள்.

வீட்டுக்காரர் ஜோனதன் பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி போட்டோகிராபர். மனுஷன் படம் எடுப்பதில் கெட்டி. ஆனால் எடுப்பதெல்லாம் புண்ணும் கட்டியும்தான். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைப்பார், "அசையாதீங்க" என்பார், க்ளிக். கல்யாணமான புதிதில் ஹெப்சியை எடுத்தபோதும் அப்படித்தான். ஆல்பத்தைப் பார்த்தால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருப்பாள்.

பையர் ஸ்லைடு பிலிம் ரோல்களை அனுப்பியிருந்தான். கழுவக்கூடாது; எடுத்து முடித்ததும் டெல்லியில் இருக்கும் அவன் ஏஜென்டிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டும். ஜூன் மாச வெயிலுக்குப் பயந்து ஜோனதன் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்தார். சர்ச்சிலிருந்து ஆயர் வந்து சுமோ மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஆயர் அந்தப் பக்கம் போனதும் டிரைவர் சாமிநாதன் இந்தப் பக்கம் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சாப், மருமகன், சாம்பிள் ரூம் ஆட்கள் எல்லோரும் கையாட்ட, வண்டி கிளம்பியது.

கிளம்பிவிட்டது! ஹெப்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரைக்கும் பெங்களூரைத் தாண்டாதவள். ஜன்னலில் தலையை நீட்டி, லாரிக்காரனுக்கெல்லாம் டாட்டா காட்டினாள்.

பெங்களூரைத் தாண்டிப் பெனுகொண்டா பக்கம் பாறையும் வெயிலுமாக ஓர் இடம். "இங்க ஆரம்பிக்கலாம்" என்றார் ஜோனதன். ஹெப்சி பெட்டியைத் திறந்தாள். வலது கால் ஷூவை மாட்டிக்கொண்டாள்; அளவு பார்க்க எப்போதும் அவள் காலைத்தான் நீட்டுவாள், கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த காலுக்குப் பெட்டிக்குள் கைவிட்டாள். காகிதம் வந்தது. இன்னும் துழாவினாள். இன்னும் காகிதம்.

"இன்னா தேடற?"

"இடது காலு."

தேடினால் எங்கிருந்து வரும்? சாம்பிள் என்றால் எப்போதும் ஒற்றைக் கால்தான் தைப்பார்கள், வலது கால். பையர் பார்க்க ஒன்று போதாதா? இடது காலுக்கு அச்சே இன்னும் வரவில்லை. ஹெப்சிதான் தன் கையால் பெட்டி கட்டினாள். ஒற்றை ஷூவை வைத்து மூடியபோது அவளுக்கு எதுவுமே குறையாகத் தோன்றவில்லை. அவளை விடுங்கள். சாப்பிலிருந்து மருமகன் வரைக்கும், செருப்பிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் பார்த்துத்தானே வழியனுப்பினார்கள்? மனுஷிக்கு ரெண்டு கால் என்று ஒருத்தருக்காவது ஞாபகம் வந்ததா?

அவள் பாறை மேல் உட்கார்ந்து அழுதாள். சாமிநாதன் தொண்டையைச் செருமினார். "மேடம், வண்டியைத் திருப்பட்டுமா?"

"திருப்பினா அந்த மருமவன் சிரிப்பான்."

"அப்ப கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நில்லுங்க."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் ஜோனதன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே, "இடது காலைப் பாறைக்குப் பின்னால விடு" என்றார். விட்டாள். பார்த்தால் பாறை மேல் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கால்! மற்றது பின்னால் இருப்பதாகத்தான் எவனும் நினைப்பான். ஜோனதன் பழக்கதோஷத்தில் ஸ்கேலை எடுத்து ஷூ பக்கத்தில் வைக்கப் போனார். ஹெப்சி அதைப் பிடுங்கி முள்ளுக்குள் வீசினாள்.

அதன் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. நாக்பூர் போகிற வழியில் ஆரஞ்சுக் கூடைக்குப் பின்னால் ஒரு கால். சம்பல் பள்ளத்தாக்கில் சுமோ கதவைத் திறந்து வலது கால் இறங்க, இடது கால் வண்டிக்குள். ஒரு தாபாவில் வெயிலில் படுத்திருந்த எருமைக்குப் பின்னால் இடது காலை ஒளித்தபோது எருமை எழுந்துவிட்டது. ஹெப்சி சாணியில் விழுந்தாள், விழுந்த இடத்திலேயே வயிறு வலிக்கச் சிரித்தாள். "அசையாத, அசையாத" என்று கத்திக்கொண்டே இருந்தார் ஜோனதன்.

ஒளிந்துகொண்ட இடது காலில் நீல வார் ரப்பர் செருப்பு. ஆக்ராவில் அதன் வார் பிய்ந்தது. புதுசு வாங்க ஜோனதன் கிளம்பினார். "பேஜார் பண்ணாதீங்க, வெளிச்சம் போய்டும்" என்று துப்பட்டாவில் இருந்த பெரிய ஊக்கைக் கழற்றி வாரில் குத்திக்கொண்டு நடந்தாள்.

மணாலி தாண்டி மலை ஏறினார்கள். வளைவு, வளைவு, இன்னும் வளைவு. கடைசி வளைவில் சாமிநாதன் பிரேக்கை மிதித்துவிட்டு, "முருகா" என்றார். ரோத்தங் கணவாய். எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஆம்பூர் வெயிலில் முப்பத்து மூன்று வயசு வரைக்கும் வெந்தவளுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இடது காலைப் பனியில் புதைத்து, கல்லுக்குப் பின்னால் மறைத்து, ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். ஒரு ரோல் முழுக்க முடிகிற நேரம். "கடைசி ஒண்ணு பாக்கி" என்றார் ஜோனதன். அப்போது பார்த்துப் பனி தூற ஆரம்பித்தது. முகத்தில் விழுந்தது, நாக்கில் விழுந்தது. ஹெப்சிக்கு ஷூ மறந்தது, சாப் மறந்தார், மருமகன் மறந்தான். "ஏங்க! பனிங்க!" என்று கத்திக்கொண்டு துள்ளிக் குதித்தாள். ரெண்டு காலும் ஆகாசத்தில்.

க்ளிக்.

கீழே வந்து விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "எடுத்துட்டீங்களா? ரெண்டு காலுமா?"

ஜோனதன் கேமராவை இறக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. "எடுத்துட்டேன். கை தானா போய்டுச்சு."

"அசையாதன்னு சொல்லணும் இல்ல?"

"சொல்லத் தோணலை ஹெப்சி. நீ அவ்ளோ அழகா இருந்த."

எந்த நேரத்தில் என்ன பேச்சு! அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அந்த ஒரு படத்தை மட்டும் பிய்த்துவிட முடியாதா என்று கேட்டாள். ரோலை இழுத்தால் வெளிச்சம் பட்டு ரோத்தங் மொத்தமும் போய்விடும் என்றார். டெல்லியில் ஏஜென்ட் ரோல்களை வாங்கிப் பையில் போட்டபோது, அவள் தன் வேலையையே அந்தப் பையில் போட்டு அனுப்புவது போல் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் லாரிக்காரர்களுக்கு டாட்டா இல்லை.

ஆம்பூர் வந்து, ஜெபமும் தூக்கமில்லாத ராத்திரியுமாக நாட்கள் போயின. ஒரு காலை சாப் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் மருமகன். மேஜை மேல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபாக்ஸ்.

"உட்காரு ஹெப்சிமா. படமெல்லாம் பார்த்துட்டானாம். பனியில குதிக்கிற படத்தை அட்டையில போடறானாம். ஆர்டரும் குடுத்துட்டான்."

ஹெப்சிக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. "அதையா சாப்? அந்தப் படத்தையா?"

"அதான். ஆனா ஒரு சந்தேகம் கேட்டிருக்கான், எனக்கு ஒண்ணும் புரியலை." சாப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "இடது காலில் இருக்கும் நீல மாடலும் உங்களுடையதா? அதற்கும் விலை அனுப்பவும். முக்கியமாக அந்த வெள்ளிப் பக்கிள் மிக அழகு." நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாம அது இன்னாமா நீல மாடல்? நம்ம சாம்பிள் ரூம்லயா போட்ட?"

மருமகன் நோட்டும் பேனாவும் எடுத்துத் தயாரானான்.

ஹெப்சி குனிந்தாள். இடது காலில் இருந்ததைக் கழற்றி, ஊக்கு அவர்கள் பக்கம் தெரிகிற மாதிரி மேஜை மேல் வைத்தாள்.

"இதான் சாப். இதுவும் ஒத்தக் கால் சாம்பிள்தான்."