பாதுகாக்கப்பட்ட என் வீட்டுக்காரர்

கடற்பசு, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றோடு என் வீட்டுக்காரர் சந்தியாகுவையும் இனிமேல் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்களில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தானாம்.

ஒரு புயலில் போனவர். திரும்பவில்லையே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. கடலுக்கடியில் புல் முளைத்த மேடு ஒன்று இருக்கிறது, அங்கே இருந்தார். தொழிலுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். இளைத்துவிட்டார் என்பார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கொழுந்தன் சிலுவையிடம் போய் நின்றேன்.

"ஒரு தடவ என்னையும் வள்ளத்துல கூட்டிட்டுப் போ தம்பி."

"பாக்கத்தான மதினி?"

"பாக்கத்தான்."

"பாக்கறதுக்கு எதுக்கு அண்ணன் சட்டையத் தேச்சுக் கையில வச்சிருக்கீங்க?"

"சும்மா இருக்கட்டும்னு."

அவன் வலையைத் தூக்கி வள்ளத்தில் போட்டான்.

புல் மேட்டில் வலை விட்டோம். கனத்தது. இழுத்தோம். அவர் வந்தார். கன்னத்தில் வலைக்கண் பதிந்திருந்தது. தாடியில் பாசி. மீசையில் ஒரு நண்டுக் குஞ்சு குடியிருந்தது.

"வீடு ஒழுகுதா?" என்றார். முதல் பேச்சே அதுதான்.

"ஒழுகுது. அடுப்படிப் பக்கம்."

"ஓட்ட மாத்தணும்னு சொன்னேன்ல."

"சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நான் ஏறி மாத்துவேனா?"

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

அவர் சிரித்தார். வாயிலிருந்து கடல் தண்ணீர் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். வலையை விலக்கிச் சட்டையை மாட்டிவிட்டேன். கடைசிப் பொத்தானைப் போடும்போது கடல்வளப் பாதுகாப்பு அலுவலகம் மிதந்து வந்து வள்ளத்தோடு உரசி நின்றது. இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு பெண் அதிகாரி பொன்னாடையோடு நின்றாள். என் மகள் வயசுதான் இருக்கும்.

"வலைய அறுத்து அவர விட்டுருங்கம்மா. விடுறவங்களுக்குப் பொன்னாடை போத்துறது வழக்கம்."

"இவரு என் வீட்டுக்காரரும்மா."

"தெரியும். இப்ப நாட்டுக்கே சொந்தம்."

"நாடு அவருக்குச் சோறு போடுமா? நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கோபப்படவில்லை. "போங்கம்மா. இந்த வராந்தாவுல நேரா நடந்தா கரை. நாங்க யாரையும் தடுக்குறதில்ல."

சிலுவை வள்ளத்திலேயே இருந்துகொண்டான். நான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். முடிவில் ஒரு கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே எங்கள் தெரு. கொடியில் நான் காலையில் காயப்போட்ட சேலைகூடத் தெரிந்தது.

நடக்க நடக்க வராந்தா நீண்டது. கதவு பெரிதாகவில்லை. மேலே வரிசையாக மின்விசிறிகள் ஓடின. அவர் காய ஆரம்பித்தார். முதலில் தாடி உலர்ந்தது. பிறகு உதடு வெடித்தது.

"மூத்தவ பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஸ்டெல்லா. நீங்க வச்ச பேருதான்."

கொஞ்சம் நடந்தோம்.

"நமக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இருக்கு. ரெண்டும் நல்லா இருக்கு. பேசாம வாங்க, கதவு வந்துரும்."

அவர் தோள் லேசாகிக்கொண்டே வந்தது. சுட்ட கருவாடு மாதிரி ஆகிவிட்டது. அவர் நின்று என் முகத்தை மரியாதையாகப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? ரொம்ப சிரமப்படுறீங்க."

கதவைப் பார்த்தேன். கொடியில் இருந்த சேலை காய்ந்திருந்தது. யாராவது மடித்து வைத்தால் நன்றாக இருக்கும்.

"தெரிஞ்சவதான்," என்றேன். "உங்கள வீட்டுல விட்டுட்டுப் போயிருவேன். வாங்க."

திரும்பினேன். கடல் ஒரே எட்டில் இருந்தது.

அவரை நானேதான் இறக்கினேன். சிலுவை கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் அவர் கண் தெளிந்தது.

"அமலி," என்றார்.

அமலோற்பவம் என்கிற என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் அவர் மட்டும்தான். பதில் சொன்னால் திரும்பத் தூக்கிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கையை விட்டேன். வெள்ளைச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் தண்ணீர் நிறமாகிவிட்டது.

அதிகாரி எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். போட்டோ எடுத்தார்கள். கை தட்டச் சொன்னார்கள். சிலுவை ஒருத்தன்தான் இருந்தான், தட்டினான். தட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏம்மா, என்னையும் அந்தச் சட்டத்துல சேக்க முடியாதா?" என்று கேட்டேன். "புல்லுல அவரு பக்கத்துல ஒரு ஓரமா இருந்துக்குவேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவள் என் தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கவனமாகத்தான் பார்த்தாள், குறை சொல்லக்கூடாது.

"முடியாதும்மா. நீங்க அழிஞ்சு வர்ற இனம் இல்ல."

"அப்படியா?"

"நிறைய இருக்கீங்க. கரையப் பாருங்க."

பார்த்தேன். கோயில் முனையிலிருந்து உப்பளம் வரைக்கும் பெண்கள் நின்றார்கள். நெற்றியில் கை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இல்லை. நன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது நானும் அங்கே நின்றேன். இந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.