முத்திரை தேவையில்லை

வந்தவர் ரொட்டியைத் தொடாமல் எழுந்தார். அப்போதுதான் புருல்சாவுக்கு விஷயம் விபரீதம் என்று புரிந்தது.

தலாஸ் பள்ளத்தாக்கில் வாசல்வரை வந்தவர்கூட ஒரு துணுக்கு ரொட்டியாவது பிய்த்து வாயில் போடாமல் திரும்புவதில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் கையுறையைக் கழற்றிவிட்டு, நின்றபடியே ஒரு துண்டு பிய்ப்பான். அதைத் தின்றவனுக்கு அந்த வீட்டைக் கெடுக்க மனம் வராது. விசாரணை அதிகாரி எசென்பெக் ஒரு மணி நேரம் அவர்கள் மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வைத்த தேநீரில் ஏடு படிந்துவிட்டது.

"வயிறு சரியில்ல அக்கா. தப்பா நினைக்காதீங்க" என்றார் அவளிடம். பிறகு அவள் கணவன் கெனெஷ்பெக்கைப் பார்த்தார். "அந்தக் கம்பெனி முத்திரையப் பதிவு பண்ணின சான்றிதழ் மட்டும் கொண்டாங்க அண்ணே. வேற ஒண்ணுமில்ல."

"முத்திரை பதியற கவுண்டரையே மூணு வருஷம் முன்னாடி மூடிட்டாங்களே தம்பி. எங்க போய்ப் பதியறது?"

"பதிய இடமில்லன்னா முத்திரையும் இருக்கக் கூடாதுல்ல?" என்று சிரித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

கார் போன பிறகு கெனெஷ்பெக்கும் சிரிக்கப் பார்த்தான். "பயபுள்ளைக்கு மாமியார் ஊர்ல பலத்த விருந்து போல, வயித்துல இடமில்ல." புருல்சா சிரிக்கவில்லை. தொடாத ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்திரை விஷயத்தில் முதல் வார்த்தையைச் சொன்னது அவள்தான். கடைசி வார்த்தையும் அவளுடையதே.

அவள் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். புதிய சட்டம் வந்தபோது தலைநகருக்குப் போய் இரண்டு வாரம் பயிற்சி எடுத்தாள். இனி தொழில் தொடங்க ஒரே கவுண்டர், மூன்றே நாள், வட்ட முத்திரை தேவையில்லை, கையெழுத்து போதும். அன்று குறித்துக்கொண்ட நோட்டை அவள் இன்னும் வைத்திருந்தாள். அடுத்த வருடம் ஆஸ்திரியாவிலிருந்து ஹான்னெஸ் என்ற மனிதர் வந்தார். பள்ளத்தாக்கு முழுக்க விளையும் வெள்ளை பீன்ஸை மூட்டையாக அனுப்பாமல் இங்கேயே தரம் பிரித்து டப்பாவில் அடைக்கலாம் என்பது அவர் திட்டம். கெனெஷ்பெக்கை இயக்குநராக வைத்துக்கொண்டார். "முத்திரை செய்யணுமா?" என்று ஹான்னெஸ் கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே புருல்சா பெருமையாகத் தலையாட்டி மறுத்தாள். "எங்க நாட்டுல அதெல்லாம் ஒழிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

ஆனால் பீன்ஸைத் தரம் பிரிக்கும் இயந்திரம் எல்லைச் சாவடியிலேயே நின்றது. சுங்க அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு முத்திரை எங்கே என்று கேட்டார். கெனெஷ்பெக் சட்டப் பிரதியை நீட்டினான். அவர் அதை மரியாதையாகவே படித்தார்.

"சட்டம் வந்துடுச்சு, நல்லது. எங்களுக்கு உத்தரவு வரலையே. இங்க பழைய உத்தரவுதான். வட்ட முத்திரை இல்லாத காகிதம் எனக்குக் காகிதமே இல்ல."

ஆறு வாரம் அப்படியே ஓடியது. அறுவடை முடிந்து களத்தில் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. முதல் மழை வேறு வந்துவிட்டது. விவசாயிகள் தினமும் வீட்டு வாசலில் நின்றார்கள். "கெனெஷ்பெக், உன் வெள்ளைக்காரன் மிஷின் வருமா, இல்ல பீன்ஸ இந்த ஊர்க் கழுதைங்களுக்குப் போடட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். "கழுதை தின்னாதுண்ணே, அதுக்கும் முத்திரை கேக்கும்" என்றான் இவன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை சாப்பாட்டின்போதுதான் அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்:

"சந்தையில சாவி வெட்டறவன் கடைக்குப் பக்கத்துல இருபது நிமிஷத்துல செஞ்சு தர்றான். போய் ஒண்ணு வெட்டிட்டு வாங்களேன். யாரு கேக்கப் போறா?"

அவன் போய் வெட்டி வந்தான். நீல மை, நடுவில் கம்பெனியின் பெயர். நான்காம் நாள் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஆடு அறுத்து, பெரியவர்கள் கையேந்தி ஆசி வழங்க, தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஹான்னெஸும் கையேந்தினார். ஆசி முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொள்வதில் மட்டும் கொஞ்சம் தாமதம். அன்று இரவு அவர்கள் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, "இது எங்க ஊர் ரொட்டியைவிட நல்லாருக்கு" என்று தப்பும் தவறுமாகச் சொன்னார்.

எசென்பெக் வந்துபோன மூன்றாம் நாள் கெனெஷ்பெக்கைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் திரும்பவில்லை. போலி முத்திரை, போலி ஆவணம் என்று வழக்கு. தொழிற்சாலைக் கதவில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். அந்தப் பட்டையில் தெளிவான வட்ட முத்திரை ஒன்று இருந்தது.

ஐந்தாம் நாள் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சட்டையின் மேல் பொத்தான் இல்லை. உதட்டோரம் வீங்கியிருந்தது.

"படிக்கட்டுல விழுந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இங்க படிக்கட்டே இல்ல புருல். வெறும் தரைத்தளம்தான்." அவன் சிரித்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஒரே ஒரு காகிதத்துல கையெழுத்து கேக்குறாங்க. முத்திரைய வெட்டச் சொன்னது ஹான்னெஸ்தான்னு. போட்டா நாளைக்கே வீடு. அவரு உள்ள, தொழிற்சாலை ஏலத்துக்கு. எடுக்க ஆள் ரெடியா இருக்கானாம். யாரோ பெரிய இடத்து மருமகன்."

"போட்டுடுங்க."

"நம்ம வீட்டு ரொட்டியத் தின்ன மனுஷன்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க! நான்தானே வெட்டச் சொன்னேன்?"

"அவங்களுக்கு உன்ன வச்சு என்ன ஏலம் போட முடியும்?" என்றான். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "கேளு. அவர ஊருக்குப் போகச் சொல்லு. அவரு விமானம் ஏறின சேதி வந்ததும் நான் போட்டுடறேன். அப்புறம் யாருக்கும் நஷ்டமில்ல. சீக்கிரம் போகச் சொல்லு, புருல்." அந்தக் கடைசி வாக்கியத்தில் விளையாட்டு இல்லை.

அவள் நேராக விடுதிக்குப் போனாள். ஹான்னெஸ் பெட்டியைக் கட்டவே இல்லை. தூதரகத்துக்கு எழுதியிருந்தார், வக்கீல் பிடித்திருந்தார், புதிய சட்டத்தின் பிரிவுகளில் கோடு போட்டு வைத்திருந்தார். "அவர் உள்ளே இருக்கும்போது நான் எப்படிப் போவது? சட்டம் நம் பக்கம் இருக்கிறது" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இவர் அவனுக்காகத் தங்குகிறார். அவன் இவர் போவதற்காகக் காத்திருக்கிறான். அன்று அதைச் சொல்லிப் புரியவைக்கவே முடியவில்லை. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். நான்காம் நாள் பயிற்சி நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் கண்ணெதிரே அதை இரண்டாகக் கிழித்தாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க. இதுல இருக்கறதெல்லாம் உண்மை. ஆனா இங்க பாதிதான் வந்துச்சு. வராத பாதியில என் புருஷன் மாட்டிக்கிட்டுக் கெடக்காரு."

வெள்ளிக்கிழமை காலை அவர் விமானம் ஏறினார். அந்தச் சேதியைச் சொல்ல அவள் மதியமே சிறைவாசலுக்கு ஓடினாள். இன்று பார்வை நேரம் கிடையாது, திங்கட்கிழமை வா என்றார்கள். சேதியையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். காவலர் தலையாட்டினார். அவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை போன் வந்தது. மாரடைப்பு என்றார்கள்.

முற்றத்தில் கூடாரம் எழுப்பினார்கள். கெனெஷ்பெக்கைத் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். கறுப்பு உடுத்திய புருல்சா, முறைப்படி முகத்தைக் கூடாரச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். வெளியே ஆண்கள் தூரத்திலேயே குதிரையையும் காரையும் விட்டு இறங்கி, "ஐயோ என் கூடப்பிறந்தவனே!" என்று கதறியபடி ஓடிவந்தார்கள். அவை எல்லாமே தெரிந்த குரல்கள். ஒன்று மட்டும் உரக்க, மற்றவற்றைவிடத் திருத்தமாக வந்தது. அவள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

சுவரின் மரச் சட்டங்களுக்கு நடுவே கம்பளம் விலகியிருந்த இடத்தில் முற்றம் தெரிந்தது. எசென்பெக் கைகழுவினார். விரிப்பில் உட்கார்ந்தார். ரொட்டியை எடுத்து, துணுக்கல்ல, உள்ளங்கை அளவு பிய்த்து, நிதானமாகத் தின்றார். இப்போது அவர் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கெடுக்க வேண்டியதைக் கெடுத்தாகிவிட்டது. இனி தின்னலாம்.

நாத்தி குனிந்து அவள் காதருகே சொன்னாள்: "அண்ணி, அந்த ஆபீசர் கேக்குறார். தொழிற்சாலைச் சாவி நம்ம வீட்டுலதான் இருக்காமே? திங்கக்கிழம யாரோ பாக்க வர்றாங்களாம். இன்னிக்கே குடுத்துட்டா நல்லதுங்கறார்."

புருல்சா ஒப்பாரியை நிறுத்தினாள்.

ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போது மனைவி நிறுத்துவது வழக்கமில்லை. வெளியே பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. தேநீர்ச் சமோவாரின் கொதிப்பு மட்டும் கேட்டது. பிறகு அவள் மறுபடி தொடங்கினாள், அதே ராகத்தில், அவசரமில்லாமல். கணவனின் உயரத்தைப் பாடினாள், சிரிப்பைப் பாடினாள். அடுத்த அடியில் எசென்பெக்கின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து வைத்தாள். என் வீட்டில் அன்று தொடாத ரொட்டி எப்படி இருக்கிறது, தம்பி, நன்றாக வெந்திருக்கிறதா என்று கேட்டாள். உதட்டு வீக்கத்தைப் பாடினாள். இல்லாத படிக்கட்டைப் பாடினாள். திங்கட்கிழமை வரப்போகும் பெரிய இடத்து மருமகனுக்கும் ஓர் அடி ஒதுக்கினாள்.

ஒப்பாரியில் வாய் திறப்பவளை யாரும் தடுக்கக் கூடாது. முற்றத்தில் ஒரு பெரியவர் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் விரிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். எசென்பெக்கின் தாடை அசைவதை நிறுத்தியிருந்தது. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அவர் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் கோபம் இல்லை. எதையோ மனதில் குறித்துக்கொள்கிறவரின் பார்வை அது.

விதவை ஒப்பாரியில் சொன்னதற்கு வழக்குப் போட எந்தச் சட்டமும் கிடையாது. இருபத்திரண்டு வருடம் காகிதம் பார்த்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். ரத்தாகாத பழைய உத்தரவு எங்காவது ஒன்று இருக்கும் என்பதும் தெரியும். சாவி அவள் கறுப்பு உடைக்குள் விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. அவள் அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தாள்.